காட்டைக் கழித்த கட்டளை

1. ஏழாம் நம்பர் பஸ்

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஏழாம் நம்பர் பஸ் கம்பெனி கேட்டுக்குள் வந்து நின்றது. நாற்பத்து மூன்று பெண்கள் இறங்க வேண்டிய பஸ் அது. பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். எண்ணுவதுதான் என் வேலை என்பதால் தப்பாக எண்ணியிருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. இருந்தாலும் பஸ்சுக்குள் ஏறிப் பார்த்தேன். சீட்டெல்லாம் காலி.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். டைம் ஆபீஸ் என்றால் யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுகிற இடம். ஆள் வந்ததா என்று எண்ணுகிறவளே ஆளைக் கொண்டும் வரட்டும் என்று, கடைசி எட்டு வருஷம் கம்பெனி பஸ்களையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு பஸ். குன்னத்தூர்ப் பக்கம், உடுமலைப் பக்கம், மடத்துக்குளம் வரைக்கும் போய் ஆள் ஏற்றி வரும். இப்போது இதே வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் அடிக்கடி போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சரியாகச் செய்ததை எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும். தப்பாகச் செய்ததை எழுதுவதுதான் உபயோகம்.

டிரைவர் சின்னச்சாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஏனுங்க சின்னச்சாமி, பாதி சீட்டு காலியா வந்திருக்குது?"

"நீங்க குடுத்த புது ஷீட்டுல குன்னத்தூர் ரோட்டு மேல மூணு ஸ்டாப்புதானுங்க அக்கா இருந்துச்சு. மூணுலயும் நின்னனுங்க. ஹாரனும் அடிச்சனுங்க. ஆளு வல்லீங்க. ஊருக்குள்ள ஏறுனவங்கதானுங்க வந்திருக்காங்க."

"உள்ள இட்டேரிக்குள்ள போகலீங்களா?"

"போகச் சொல்லி ஷீட்டுல இல்லீங்களே. போன மாசம் ஷீட்டுல இல்லாத பக்கம் வண்டிய உட்டன்னு சொல்லி நீங்கதானுங்க சத்தம் போட்டீங்க."

போட்டது உண்மை. நான் ஆபீசுக்கு வந்துவிட்டேன். இட்டேரி என்பது எங்கள் பக்கத்தில் இரண்டு வேலிகளுக்கு நடுவில் போகிற மண் பாதை. குன்னத்தூர்ப் பக்கத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, அவரவர் தோட்டத்தில் குடியிருப்பவர்கள். பஸ் இட்டேரிக்குள் போய்த்தான் ஏற்றி வரும். நான்கு வருஷமாக அப்படித்தான்.

எட்டரைக்கு மணி அடித்தது. எட்டு முப்பத்தைந்துக்கு புரொடக்‌ஷன் மேனேஜர் என் மேஜைக்கு முன்னால் நின்றார். கோவில்பட்டிக்காரர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும், அதுதான் பயம்.

"என்னம்மா சாந்தாமணி, ஓவர்லாக் லைன்ல பாதி மெஷினு சும்மா கெடக்கு."

"வந்துருவாங்க சார்."

"எங்கிட்டு இருந்தும்மா வருவாங்க? பஸ்சுதான் வந்து நிக்குதே."

2. கருப்புத் திரை

இந்த இடத்தில் அந்தப் புது ஷீட் எப்படித் தயாரானது என்று சொல்ல வேண்டும்.

பஸ் ரூட்டை ஆரம்பத்தில் நோட்டில்தான் போட்டேன். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாரத்தில் பத்துப் பேர் புதிதாகச் சேர்வார்கள், எட்டுப் பேர் நிற்பார்கள். நோட்டில் அடித்து அடித்து எழுதி, கடைசியில் என்னாலேயே படிக்க முடியாமல் போயிற்று. அப்புறம் ஒரு ரூட் சாஃப்ட்வேர் வாங்கினார்கள். ஆட்களின் வீடு எங்கே என்று கொடுத்தால் பஸ் எந்த வழியாகப் போனால் நேரம் மிச்சம் என்று அதுவே சொல்லும். ஆனால் அதற்கு வரைபடம் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு திறந்த வரைபடம் இருக்கிறது. அதை டவுன்லோட் செய்தால் தென்னிந்தியா முழுவதும் ஒரே ஃபைலாக வரும். மவுசில் சொடுக்கித் திறந்தேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. நான் போய் சாப்பிட்டுக் கைகழுவி வந்தும் நின்றபடியே இருந்தது.

அப்போதுதான் கமாண்ட் லைன் கற்றுக்கொண்டேன். கருப்புத் திரை, அதில் நாம் ஒரு வரி டைப் அடித்தால் அது ஒரு வேலையைச் செய்யும். நான் படித்தது பி.காம். வீடியோ பார்த்து, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓடவிட்டுக் கற்றேன். பார்ப்பதற்குத்தான் மிரட்டலாக இருக்கும். உள்ளே நடப்பது மூன்று வேலைதான். முதலில் வெட்டு. அந்தப் பெரிய ஃபைலிலிருந்து நம் மாவட்டத்தை மட்டும் வெட்டி எடுப்பது. அடுத்தது சலி. வெட்டியதில் ரோடும் ஊரும் மட்டும் இருக்கட்டும், கிணறு, கோயில், கரண்ட் கம்பம் எல்லாம் வேண்டாம் என்று சலிப்பது. கடைசியில் மாற்று. நம் ரூட் சாஃப்ட்வேருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றுவது.

எதை வைத்துச் சலிக்கும் என்றால், வரைபடத்தில் இருக்கிற ஒவ்வொரு கோட்டுக்கும் கட்டத்துக்கும் ஒரு டேக் இருக்கும். பனியனில் கழுத்துக்குப் பின்னால் சைஸ் லேபிள் இருக்கிற மாதிரி. அந்த டேக் இங்கிலீஷில் இருக்கும். நாம் கட்டளையில் அந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுத்தால், அது இருக்கிறதை மட்டும் எடுக்கும், அல்லது அது இருக்கிறதை எல்லாம் தள்ளும். ஒரு எழுத்து தப்பினால் கத்தும். சரியாக முடித்தால் ஒன்றுமே சொல்லாது. அடுத்த வரிக்குக் காத்திருக்கும். எனக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆபீசில் வேறு யாரும் அப்படி இல்லை.

3. கேன்டீன் மேஜை

உடுமலைப் பக்கம் வரைபடம் நன்றாக இருந்தது. காற்றாலை வந்ததால் யாரோ ரோடெல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். குன்னத்தூர்ப் பக்கம் மெயின் ரோடு ஒன்றுதான். மீதி வெள்ளை. எங்கள் ஆட்கள் குடியிருக்கிற ஒரு தோட்டமும் அதில் இல்லை, ஒரு இட்டேரியும் இல்லை.

நாமே வரைந்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கம்பெனி பேரில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜையில் இரண்டு டேப்லெட் வைத்தேன். மேலே இருந்து எடுத்த சேட்டிலைட் படம் தெரியும். அவரவர் வீட்டைத் தேடிப் பிடித்து, வருகிற பாதையைக் கோடு போட்டு, பக்கத்து நிலம் என்ன வகை என்று பட்டனைத் தொட வேண்டும். அந்த ஆப் தமிழிலேயே இருந்தது. அதனால் யாருக்கும் கஷ்டம் இல்லை. நான்கு மாதம் இது நடந்தது. முதல் வாரம் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து, என் ஊட்டை விட்டுட்டீங்க, என் ஊட்டை விட்டுட்டீங்க என்று சண்டை.

இதில் எல்லோரையும்விட வேகம் பூங்கொடி. ஓவர்லாக், அதாவது துணியின் ஓரம் அடிக்கிற மெஷினில் டெய்லர், முப்பது வயது இருக்கும். குன்னத்தூர் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே செம்மாங்காட்டுப்புதூரில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவள் தன் வீட்டை மட்டும் வரைந்துவிட்டுப் போகவில்லை. பக்கத்துத் தோட்டங்கள், எந்த இட்டேரியில் மழை பெய்தால் சேறு, எங்கே பஸ் திரும்ப இடம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் போட்டாள்.

ஒருநாள் டேப்பைக் கொண்டுவந்து காட்டினாள். நில வகைப் பட்டியல் திறந்திருந்தது. குடியிருப்பு, வயல், காடு, தோப்பு, புல்வெளி, விளைநிலம் என்று வரிசையாக இருந்தது.

"அக்கா, எங்க ஊட்டுக்கு முன்னால இருக்கறது எதுலீங்க வரும்? வயலுங்களா?"

"நெல்லா போடறீங்க?"

"நெல்லுக்கு எங்கீங்க தண்ணி? மானாவாரிதானுங்க. சோளமும் கொள்ளும்."

"அப்பறம் என்ன, காடுதான். காடுன்னு போடு கண்ணு."

போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஆடு மாடு மேய்கிற கொறங்காட்டையும் அப்படியே போட்டார்கள். அதில் வெள்வேல மரங்கள் அங்கங்கே நிற்கும், மேலே இருந்து பார்த்தால் பச்சைப் புள்ளியாகத் தெரியும். எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பியது நான். ஒரு இடத்தில்கூட எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. நானும் கொங்கு நாட்டுக்காரிதானே.

4. ஆடிட்டில் வந்த விதி

ஒன்றரை வருஷம் கழித்து, எங்களிடம் பனியன் வாங்குகிற ஒரு பையருடைய ஆடிட் வந்தது. வந்தவர்கள் தையல் ஹால், கேன்டீன், பாத்ரூம் எல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் பதினோராம் நம்பர் பஸ்சில் ஏறிக்கொண்டார்கள். அது உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரம் வரைக்கும் போகிற பஸ். ஒரு இடத்தில் இரண்டு கிலோமீட்டர் தூரம் இரண்டு பக்கமும் நிஜமான வனம். யானை கடக்கிற இடம் என்று வனத்துறை போர்டு வைத்திருக்கிறது. அந்த போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து நாளில் கடிதம் வந்தது. பெண் தொழிலாளர்கள் போகிற வண்டி எந்தப் பாதையிலும் வனப்பகுதி வழியாகப் போகக் கூடாது என்று.

நியாயமான விதி. அந்தப் பதினோராம் நம்பரை நானே மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஒரு பஸ்சைக் கையால் மாற்றியிருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் எனக்குக் கருப்புத் திரை தெரியும் அல்லவா. இனிமேல் எந்தப் பஸ்சும் எப்போதும் வனத்துக்குள் போகாதபடி கட்டளையிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஃபாரஸ்ட் என்று டேக் இருக்கிற இடங்களைத் தனியாக எடு. அவற்றுக்குள் ஓடுகிற ரோடுகளைக் கழி. மீதியைக் கொடு. மூன்று வரி.

ஓடவிட்டேன். கத்தவில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குக் காத்திருந்தது. ரூட் சாஃப்ட்வேரில் கொடுத்தேன். பதினோராம் நம்பர் அழகாக வனத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவால்லயே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதே அபூர்வம்.

அதே ஷீட்டில் ஏழாம் நம்பருக்கு ஒன்பது ஸ்டாப் இருந்த இடத்தில் நான்கு இருந்தது. ஊருக்குள் ஒன்று, குன்னத்தூர் ரோட்டின் மேல் மூன்று. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நேரத்தை மிச்சம் பிடிக்க சாஃப்ட்வேர் ஸ்டாப்பைச் சேர்த்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் கேன்டீன் வாசலில் ஒட்டினேன். சனிக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்கள், சுவரைப் பார்க்க மாட்டார்கள் என்பது இருபத்திரண்டு வருஷம் டைம் ஆபீசில் இருந்தவளுக்குத் தெரியாததல்ல.

5. திங்களும் செவ்வாயும்

திங்கட்கிழமை நான் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆள் வராததற்கு ஷீட்டைச் சந்தேகப்படவில்லை, ஆட்களைச் சந்தேகப்பட்டேன். ஒட்டியதைப் படிக்காமல் பழைய இடத்தில் நின்றிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "ஏழாம் நம்பர் பஸ் இனிமேல் மெயின் ரோட்டில் மட்டும்தான் நிற்கும், நாளையிலிருந்து எல்லாரும் ரோட்டுக்கு வந்துருங்க" என்று. கொஞ்சம் அதட்டலாகவே பேசியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை இருபத்தொன்பது பேர் வந்தார்கள். பதினோரு பேர் கூடுதல். ரோட்டுக்கு நடந்து வந்தவர்கள், புருஷனோ தம்பியோ வண்டியில் கொண்டுவந்து விட்டவர்கள். மெசேஜ் வேலை செய்கிறது, நாளைக்கு மீதிப் பேரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பூங்கொடி வரவில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"சூப்பர்வைசர் ட்ரைனிங்குக்கு ஒரு பேரு குடுக்கணும்னு சொன்னேன்ல. பூங்கொடி பேரைத்தான் எழுதியிருக்கேன். நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு கோயம்புத்தூர்ல இருந்து ட்ரைனர் வாரார். ரெண்டு நாளா ஆளைக் காணோம். வருமா, வராதா?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

"வரலைன்னா அடுத்து இருக்க பிள்ளைய அனுப்பிருவேன். சீட்டைக் காலியா விட முடியாது."

ஓவர்லாக்கில் பதினோரு வருஷமாக இருப்பவள் பூங்கொடி. எங்கள் கம்பெனியில் டெய்லராகச் சேர்கிற பெண் டெய்லராகவே நிற்பாள். சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் ஆண்கள், வெளியிலிருந்து வருவார்கள். லைனுக்குள் இருந்தே ஒரு பெண்ணை எடுப்பது அதுதான் முதல் தடவை. பேர் எழுதிய அன்று அவள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, "நெசமாலுமுங்களா அக்கா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனுக்கு அடித்தேன். மாமியார் எடுத்தார்.

"யாருங்க பேசறது?"

"கம்பெனி டைம் ஆபீஸ்லிருந்து சாந்தாமணிங்க. பூங்கொடி இருக்குதுங்களா?"

"அவ காட்டுக்குப் போயிருக்காளுங்க. போனை ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டா. வந்தா சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க" என்று வாய் சொன்னது. என் முன்னால் கம்ப்யூட்டரில் கட்டளை இருந்த ஃபைல் திறந்திருந்தது. முதல் வரியில் ஃபாரஸ்ட் என்று நான் டைப் அடித்த வார்த்தை. நான் போனை வைக்காமல் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாமியார், "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கொங்கு நாட்டில் காடு என்றால் யானை இருக்கிற இடம் இல்லை. மழையை நம்பி விதைக்கிற புன்செய் நிலம். காட்டுக்குப் போயிருக்கிறாள் என்றால் களை வெட்டப் போயிருக்கிறாள், கொள்ளு அறுக்கப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். ஆப்பில் தமிழில் 'காடு' என்று காட்டிய பட்டனைத் தொட்டால், உள்ளே ஃபாரஸ்ட் என்று இங்கிலீஷ் டேக் விழும். தமிழைப் பார்த்து வரையச் சொன்னது நான். இங்கிலீஷைப் பார்த்துக் கழிக்கச் சொன்னதும் நான். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சோளக்காடு, கொள்ளுக்காடு, கொறங்காடு என்று குன்னத்தூர்ப் பக்கம் முழுவதும் நாங்களே வனமாக்கி வைத்திருக்கிறோம். அதற்குள் ஓடிய எல்லா இட்டேரியையும் என் மூன்று வரி ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துவிட்டது.

விளைநிலம் என்று ஒரு பட்டன் அந்தப் பட்டியலில் இருந்தது. அதுதான் சரியான பட்டன். ஆனால் விளைநிலத்துக்குப் போய்ட்டு வர்றேன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரிசெய்ய இருபது நிமிஷம் ஆயிற்று. கழிக்கிற எல்லையை உடுமலைக்குத் தெற்கே மட்டும் என்று சுருக்கினேன். ஏழாம் நம்பருக்கு ஒன்பது ஸ்டாப்பும் திரும்பி வந்தன. மாமியாருக்கு மறுபடி போன் செய்து, நாளைக்கு பஸ் உள்ளே வரும் என்று சொன்னேன். "அவ மாமனாருகிட்டச் சொல்லறனுங்க" என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை.

6. மாமனார் சொன்ன கணக்கு

புதன்கிழமை நானே ஏழாம் நம்பரில் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு இட்டேரி முனையிலும் ஆள் நின்றது. ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். செம்மாங்காட்டுப்புதூரில் யாரும் நிற்கவில்லை. மணி ஏழேகால். சின்னச்சாமியிடம் ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

மாமனார் வேலியில் முள் அடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வாங்க அம்மிணி. ஊட்டுக்குள்ள வாங்க, மோர் குடிங்க."

"இருக்கட்டுங்க. பஸ் நிக்குது. பூங்கொடியக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"அவளத்தான் கம்பெனில கழிச்சுட்டீங்களே."

"யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லோணுமுங்க? ஆர்டர் இல்லீன்னா மொதல்ல பஸ் நிக்குமுங்க. அப்பறந்தானுங்க வேலை நிக்கும். நானும் இருவது வருசம் சாயப்பட்டறைல இருந்தவன், எனக்குத் தெரியாதுங்களா? ரெண்டு நாளா பஸ் வல்லீங்க. அவ பஸ்சு ரோட்டுல வருது, நடந்து போறேன்னு சொன்னா. வேலைய உட்டு நிறுத்துனத ஊட்டுல சொல்லறதுக்குக் கூச்சப்பட்டுட்டுச் சொல்லறான்னு நெனச்சுட்டனுங்க. ரெண்டு மைலு தனியா நடக்க வேண்டாம், காட்டுல கொள்ளு நிக்குது, அதப் பாருன்னு சொல்லிப்போட்டேன். நேத்து பஸ் வரும்னு நீங்க போன் பண்ணுனதாச் சொன்னாங்க, நான் நம்பலீங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. திருப்பூரில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தான் அது. கம்பெனி யாரிடமும் உன்னை நிறுத்திவிட்டேன் என்று முதலில் சொல்லாது, பஸ்சைத்தான் நிறுத்தும். நான் பஸ்சை நிறுத்தினேன். அவர் அதைப் படித்தார்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "கம்ப்யூட்டர்ல உங்க காட்டை வனம்னு பதிஞ்சுபோட்டேன். வனத்துக்குள்ள பஸ் போகக் கூடாதுன்னு சொல்லி அது பாதைய எடுத்துருச்சுங்க."

அவர் திரும்பித் தன் நிலத்தைப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்குக் கொள்ளு, தூரத்தில் நான்கு ஆடு.

"வனமுங்களா?" என்றார். சிரித்துவிட்டார். "ஏ பூங்கொடி! கம்பெனிலிருந்து வந்திருக்காங்க. வேலை நிக்கலியாமா! வா!"

அவள் நிலத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். கையில் அறுத்த கொள்ளுக்கட்டோடு எழுந்து நின்றாள். அங்கிருந்து வந்து, கைகால் கழுவி, சேலை மாற்றி, ஐடி கார்டைத் தேடி எடுக்க இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் சின்னச்சாமி இரண்டு தடவை ஹாரன் அடித்தார். முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற பஸ்சை ஒருத்திக்காக நிறுத்த முடியாது. மேனேஜருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பஸ்சைப் போகச் சொன்னேன்.

நாங்கள் இரண்டு பேரும் மெயின் ரோட்டுக்கு நடந்தோம். மூன்று கிலோமீட்டர். நான் ஷீட்டில் ஒரு வரியாகப் போட்ட தூரம். வாய்ஸ் மெசேஜில் "ரோட்டுக்கு வந்துருங்க" என்று அதட்டிய தூரம். வழியில் ஒரு வீடு இல்லை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எனக்காக மெதுவாக நடந்தாள். மணி என்ன ஆச்சுங்க என்று இரண்டு தடவை கேட்டாள்.

டவுன் பஸ் பிடித்து, மாறி, கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். மேலே ட்ரைனிங் ரூம் கதவு சாத்தியிருந்தது. மேனேஜர் படிக்கட்டில் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஒம்போதே காலு வரைக்கும் பார்த்தேம்மா. ட்ரைனர் கேட்டுட்டே இருந்தார். பேரை மாத்திக் குடுத்துட்டேன்."

"தப்பு என்னுது சார். அந்தப் பொண்ணு மேல இல்ல."

"இருக்கலாம்மா. ஆனா உள்ள உக்காந்திருக்க பிள்ளைய எப்படி எந்திரிச்சு வான்னு சொல்றது?"

சொல்ல முடியாதுதான். பூங்கொடி அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஓவர்லாக் லைனுக்குப் போய், மெஷின் மேல் போட்டிருந்த உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

7. அப்புறம்

அந்த வாரமே கேன்டீன் மேஜையில் டேப் மறுபடி வந்தது. காடு என்று குறித்ததையெல்லாம் விளைநிலம் என்று மாற்றினோம். பூங்கொடியும் உட்கார்ந்து மாற்றினாள். முன்பு மாதிரியே வேகம். வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான்.

ஒன்று, கட்டளை கத்தாமல் முடிந்தால் நாம் சொன்னதை அது செய்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். நாம் சொன்னது சரியா என்று அதற்குத் தெரியாது. கட்டிங் செக்‌ஷனில் வெட்டிய துணியை மட்டும் பார்க்க மாட்டார்கள், வேஸ்ட்டையும் எடுத்து எடை போடுவார்கள். அதிகம் வந்தால் எங்கே தப்பு என்று தேடுவார்கள். நான் என் வேஸ்ட்டைப் பார்க்கவே இல்லை. இப்போது எதைக் கழித்தாலும் கழித்ததைத் தனி ஃபைலில் போடச் சொல்லுங்கள். அதைத் திறந்து, என்னென்ன போயிருக்கிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவதை எனக்குச் சொன்னது பூங்கொடி. அந்தப் புதன்கிழமை மதியம் அவள் சாப்பிடுகிற இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வயதில் சின்னவளிடம் அப்படிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"உடுங்க அக்கா. வேணும்னா செஞ்சீங்க? சனிக்கெழமையே ஒரு போன் அடிச்சு, பஸ் உள்ள வராதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, ஏனுங்கன்னு கேட்டிருப்பேன். எங்க காட்டையெல்லாம் நான்தானுங்க வரைஞ்சேன்."

நாற்பத்து மூன்று பேருடைய நம்பரும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எல்லோருக்கும் பேசியிருந்தால்கூட ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று சுவரில் ஒட்டினேன். ஆளைக் கேட்காமல் அவர்கள் இருக்கிற இடத்தை மாற்றாதீர்கள். இதுதான் இரண்டாவது.

அடுத்த ட்ரைனிங் ஒரு வருஷம் கழித்து வந்தது. அப்போது பூங்கொடி பிரசவ லீவில் இருந்தாள். அதற்கடுத்து, வெளியிலிருந்தே ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசியவர்கள், குன்னத்தூர்ப் பக்கத்துக்கு வரைபடம் உண்டாக்கியதே சாந்தாமணி மேடம்தான் என்று பாராட்டினார்கள். கூட்டத்தில் ஓவர்லாக் லைன் ஆட்களோடு நின்று பூங்கொடியும் கை தட்டினாள். என்னால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை.